சினிமாவும் நம் புத்தியும்

(ஆர்.எஸ்.மங்கலத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று சினிமாவைப் பற்றிப் பேசும்படியாக இவ்வூர்த் தோழர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, நான் கலை விஷயத்தில் பெரிய ஆராய்ச்சிக்காரன் என்பதாகச் சொன்னார். அதை நீங்கள் நம்ப வேண்டாம். நான் பத்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எனக்குள்ள யோக்கியதையெல்லாம், சுமார் 35 வருஷ காலமாகக் காசு கொடுத்துப் படம் பார்த்து வந்திருக்கிறேன் என்பது ஒன்றுதான். காசு கொடுத்தவனுக்குக் கத்தரிக்காய் சொத்தையா நல்லதா என்று சொல்ல உரிமையுண்டு அல்லவா? அந்த உரிமையைக் கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

பகுத்தறிவுக்காரன் சினிமாவைப் பற்றிப் பேச வந்தால், "சினிமா நாட்டைக் கெடுத்துவிட்டது, யாரும் பார்க்காதீர்கள்" என்று திட்டிவிட்டுப் போவான் என்று உங்களில் பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பெரியார் அவர்களே சினிமாவைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசியவர் என்பது நீங்கள் அறிந்ததே. ஆனாலும் நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்: நான் சினிமாப் பிரியன். சிறு பையனாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கி, முன்னால் இருப்பவன் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து மேடுகட்டி உட்கார்ந்து, ரீல் மாற்றுகிற ஒவ்வொரு இடைவேளைக்கும் முறுக்குக் கடித்துப் படம் பார்த்தவன். எனக்கு உலகத்தைக் காட்டியது அந்த வெள்ளைத் துணிதான். ஆனபடியால் நான் அதைத் திட்ட வரவில்லை. பார்ப்பதை யோசித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சினிமா என்பது மேல்லோகத்திலிருந்து வந்ததல்ல. மனிதன் புத்தியால் செய்த யந்திரம். நம் நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டு போனவர்களில் முதல்வர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். திருச்சியில் ரயில்வேயில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரனிடமிருந்து யந்திரத்தை வாங்கிக்கொண்டு, உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். பிறகு 1931-இல் "காளிதாஸ்" என்ற பேசும் படம் வந்தது. அதில் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினால், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். ஜனங்கள் அதற்கும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்த ராஜலட்சுமி அம்மையார் 1936-இல் "மிஸ் கமலா" என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். பெண்ணுக்கு அடுப்படிதான் இடம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண் காமிராவுக்குப் பின்னால் நின்றாள் என்பதை நம் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். ஏன், நமது அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவிலேயே, காரைக்குடியில் ஏ.வி.எம். ஸ்டூடியோ நடந்தது. 1947-இல் வந்த "நாம் இருவர்" அங்கே எடுத்த படம்தான். ஆகவே சினிமா நமக்கு அந்நியச் சரக்கல்ல.

நிற்க. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் நான் என்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது வழக்கம். இந்தப் படம் என்னை யோசிக்க வைத்ததா, கும்பிட வைத்ததா? இதில் கீழே கிடப்பவன் எழுந்தானா, கிடப்பதே மோட்சம் என்று சொல்லப்பட்டதா? இதில் வருகிற பெண்ணுக்கு வாய் இருக்கிறதா, வெறும் கழுத்து மட்டும் இருக்கிறதா? இந்த மூன்று படிக்கல்லையும் வைத்துச் சில படங்களை உங்கள் முன்னால் நிறுத்துப் பார்க்கிறேன்.

சாமிப் படங்கள்

முதலில் சாமிப் படம். 1953-இல் ஜெமினி வாசன் "ஔவையார்" எடுத்தார். கே.பி.சுந்தராம்பாள் குரலுக்கு ஈடு இணை கிடையாது. அதை மறுப்பவன் செவிடன். ஆனால் அந்தக் கிழவி பிள்ளையாரை வேண்டியதும் யானைக் கூட்டம் ஓடிவந்து கோட்டையை உடைக்கிறது. நான் கேட்பது இதுதான்: ஔவை என்றால் நமக்கு அறிவு, அனுபவம், அரசனுக்கு முன்னால் அஞ்சாத சொல். அந்தச் சொல்லால் உடையாத கோட்டையா? ஒரு பெண்ணின் அறிவைக் காட்ட வேண்டிய இடத்தில் யானையின் தும்பிக்கையைக் காட்டிவிட்டார்கள்.

1965-இல் ஏ.பி.நாகராஜன் "திருவிளையாடல்" எடுத்தார. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. "நீ நாத்திகன், உனக்கென்ன அங்கே வேலை?" என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு அங்கே இரண்டு வேலை உண்டு. ஒன்று, நாகேஷ் வேஷம் கட்டின தருமி. பாட்டெழுதத் தெரியாத புலவன், வறுமை தாங்காமல் கோயில் மண்டபத்தில் தனியே புலம்புகிறானே, அதைவிட உண்மையான காட்சி எந்தப் பக்திப் படத்திலும் இல்லை. இரண்டாவது, நக்கீரன். சிவனே வந்து நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் பாட்டில் பிழை பிழைதான் என்று நிற்கிறான். தோழர்களே! அந்தச் சாமிப் படத்தில் ஜனங்கள் அதிகமாகக் கை தட்டினது எப்போது? சாமியின் குற்றத்தை மனிதன் எடுத்துக் காட்டினபோது! நம் ஜனங்களுக்கு உள்ளூர நியாயம் தெரியும். பயம்தான் மேலே மூடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பயத்தைப் பற்றி என் வீட்டுச் சங்கதி ஒன்று சொல்கிறேன். 1995-இல் "அம்மன்" என்று தெலுங்கிலிருந்து தமிழ் பேச வைத்த படம் ஒன்று வந்தது. என் அப்பத்தாவை அழைத்துக்கொண்டு போனேன். திரையில் அம்மன் கண்ணை உருட்டியதும் பெண்கள் பகுதியில் நாலைந்து பேருக்குச் சாமி வந்துவிட்டது. அதில் என் அப்பத்தாவும் ஒருவர்! விபூதித் தட்டோடு ஆட்கள் ஓடினார்கள். அந்தச் சமயம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. கொட்டகை முழுவதும் இருட்டு. ஆடினவர்கள் அத்தனை பேரும் கப்சிப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடி மறுபடி படம் தெரிந்ததும் மறுபடி சாமி வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன்: "ஏன் அப்பத்தா, கரண்டு போனதும் அம்மன் எதுக்கு இறங்கிருச்சு?" அப்பத்தா கொஞ்சமும் யோசிக்காமல், "அட போடா, இருட்டுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்று சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். பின்னால் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. பதின்மூன்று வயதில் கலியாணமாகி, ஆறு பிள்ளை பெற்று, ஆயுள் முழுவதும் மிளகாய்க் கொல்லையில் குனிந்தே கிடந்த மனுஷி அவர். வாய் திறந்தால் "சும்மா இரு" என்று அதட்டாத ஆண் எங்கள் வீட்டில் கிடையாது. சாமி வந்த அந்தக் கால் மணி நேரம்தான் அவர் உரக்கக் கத்தவும், நாலு பேர் கைகட்டிக் கேட்கவும் கிடைத்த நேரம். பெண்ணுக்குப் பேச இடம் கொடுங்கள். சாமி வருவது தானாக நின்றுவிடும். இதைத்தான் வங்காளத்து சத்யஜித் ரே 1960-இல் "தேவி" என்ற படமாக எடுத்தார். மாமனார் ஒருவர் கனாக் கண்டு, மருமகளை அம்மன் அவதாரம் என்று சொல்லிப் பீடத்தில் உட்கார வைத்துவிடுகிறார். பாவம், அந்தச் சிறு பெண்ணுக்கு இறங்கவும் வழியில்லை, மறுக்கவும் வாயில்லை. கடைசியில் வீட்டுக் குழந்தை, வைத்தியம் பார்க்காமல் அவள் அருளை நம்பியே சாகிறது. என் அப்பத்தா பார்த்திருக்க வேண்டிய படம் அதுதான்.

நந்தனும் கிந்தனும் பரியனும்

அடுத்தது ஜாதி. நந்தனார் கதையைத் தமிழில் பல தடவை படமெடுத்தார்கள். 1935-இல் கே.பி.சுந்தராம்பாளுக்கு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து நந்தன் வேஷம் போட வைத்தார்கள். 1942-இல் ஜெமினியார் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தார்கள். கதை உங்களுக்குத் தெரியும். பண்ணையாள் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான்; நாற்பது வேலி நிலத்தையும் விளைய வைத்துவிட்டுப் போ என்கிறார் வேதியர்; ஒரே இரவில் சாமி விளைய வைக்கிறது; கடைசியில் நந்தன் நெருப்பில் முழுகி எழுந்து கோயிலுக்குள் போகிறான்.

நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெருமை பேசும் ஊர் உங்கள் ஊர். கண்மாய் நிரம்பாத வருஷத்தில் எந்தச் சாமி ஒரே இரவில் உங்கள் வயலை விளைய வைத்தது? அதாவது போகட்டும். நந்தன் நெருப்பில் இறங்கிச் சுத்தமானான் என்றால், அதற்கு முன் அவன் அழுக்கு என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? கோயிலுக்கு வெளியே நிறுத்தினவன் எந்த நெருப்பில் இறங்கினான்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஜனங்கள் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பண்ணையாளுக்குக் கொட்டாங்கச்சியில்தான் காப்பி ஊற்றினார்கள்.

இதற்கு மறுப்பு எழுதினவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949-இல் வந்த "நல்லதம்பி" படத்தில் அவர் "கிந்தனார்" காலட்சேபம் செய்கிறார். நந்தன் சிதம்பரம் போகத் துடித்தான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்கத் துடிக்கிறான். நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்கு ரயில் வண்டி! கலைவாணர் யாரையும் திட்டவில்லை. காலட்சேபக்காரர்களின் வேஷத்தையே தாம் போட்டுக்கொண்டு, அவர்கள் ஜால்ராவையே தட்டி, அவர்கள் கதையைக் கவிழ்த்துவிட்டார். பிரசாரம் செய்கிற நாங்கள் ஆயிரம் மேடையில் செய்யாததை அந்த மனிதர் ஒரு சிரிப்பில் செய்தார்.

அந்தக் கிந்தனின் பேரன் என்று சொல்லத்தக்கவன், 2018-இல் மாரி செல்வராஜ் எடுத்த "பரியேறும் பெருமாள்" படத்துப் பரியன். அவன் படிக்கப் போய்விட்டான், வக்கீல் படிப்பு. ஆனால் கல்லூரிக்குள்ளும் ஜாதி அவனுக்கு முன்பாகவே போய் உட்கார்ந்திருக்கிறது. அடிக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள், கொல்லவும் பார்க்கிறார்கள். கடைசியில் அவன் அருவாளும் எடுக்கவில்லை, நெருப்பிலும் இறங்கவில்லை. உட்கார்ந்து நியாயம் பேசுகிறான். மேஜை மேல் இரண்டு டீ கிளாஸ் இருக்கிறது. அதோடு படம் முடிகிறது. தனிக் கிளாஸ் வைத்திருந்த டீக்கடைகளை இந்தப் பக்கத்தில் கண்ணால் பார்த்தவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு அந்தக் கிளாசின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து 2021-இல் வந்த "ஜெய் பீம்" படத்தையும் சொல்ல வேண்டும். 1993-இல் கடலூர்ப் பக்கம் உண்மையாக நடந்த லாக்கப் சாவு அது. வக்கீலாயிருந்து பிறகு நீதிபதியான சந்துரு அவர்கள் நடத்திய வழக்கு. பார்த்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொன்னால் போதாது. நம் ஊர் ஸ்டேஷனுக்கு ஏழை ஒருவனைக் கூட்டிப்போனால் நாம் பத்துப் பேர் கூடப் போய் நிற்போமா என்பதுதான் கேள்வி.

தாலிப் படங்கள்

தாய்மார்களே! இனி உங்கள் விஷயம். 1939-இல் கே.சுப்பிரமணியம் "தியாகபூமி" எடுத்தார். புருஷனால் தள்ளிவைக்கப்பட்டவள் பிறகு பணக்காரியாகிறாள். பணத்தைக் கண்டதும் புருஷன் சேர்ந்து வாழ வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போகிறான். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? உன்னோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் உனக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன் என்கிறாள்! எந்த வருஷம்? 1939! அந்தப் படத்தைப் பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் தடை செய்தது. அரசியல் காரணத்துக்காகச் செய்தார்கள். நம் ஊர் மாமியார்கள் கையில் அதிகாரம் இருந்திருந்தால் இந்தக் காரணத்துக்காகவே தடை செய்திருப்பார்கள்.

அதற்கு 42 வருஷம் கழித்து, 1981-இல், பாக்கியராஜ் "அந்த 7 நாட்கள்" எடுத்தார். கெட்டிக்காரத்தனமான படம், சிரிக்கவும் வைக்கிறது, அழவும் வைக்கிறது. பெண்ணுக்கு ஒருவன் மேல் பிரியம்; பலாத்காரமாக வேறொருவருக்குக் கட்டி வைக்கிறார்கள். கட்டினவர் நல்ல மனிதர். அவரே அவளைக் காதலனோடு சேர்த்து வைக்கத் தயார். ஆனால் காதலன் மறுத்துவிடுகிறான், தாலி இருக்கிறதாம்! இரண்டு ஆண்கள் நின்று நியாயம் பேசுகிறார்கள். நடுவே ஒரு மஞ்சள் கயிறு தீர்ப்புச் சொல்கிறது. அவளை யார் கேட்டார்கள்? 1991-இல் வந்த "சின்னத்தம்பி" இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கட்டினவனுக்குத் தாலி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் கட்டினது கட்டினதுதான்! தெரியாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் செல்லாது. தெரியாமல் கட்டின தாலி மட்டும் எப்படிச் செல்லும்?

நம் சட்டசபை 1967-லேயே தாலியும் புரோகிதனும் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைக் கலியாணம் செல்லும் என்று சட்டம் செய்துவிட்டது. சட்டம் அவிழ்த்துவிட்ட முடிச்சை சினிமா மட்டும் இன்னும் இறுக்கிக்கொண்டே இருந்தது. "வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணை நாயகன் தெருத் தெருவாகத் துரத்தினால் அதற்குப் பெயர் காதல் என்றும் அதே சினிமாதான் நம் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. உங்கள் மகளை அப்படி ஒருவன் துரத்தினால் கை தட்டுவீர்களா, போலீசுக்குப் போவீர்களா?

மலையாளத்தில் 2021-இல் ஜியோ பேபி என்பவர் "கிரேட் இந்தியன் கிச்சன்" என்று ஒரு படம் எடுத்தார். 2023-இல் தமிழிலும் எடுத்தார்கள். அதில் சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. ஒரு சமையற்கட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய், தின்றுவிட்டு மேஜையில் துப்பிப்போட்ட எச்சில், அதைத் தினமும் துடைக்கிற ஒரு பெண். அவ்வளவுதான். அதைப் பார்த்த இரவு என் துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. நான் சாப்பிட்ட தட்டை நானே எடுத்துப்போய்க் கழுவினேன். இருபது வருஷமாக மேடையில் பெண் விடுதலை பேசினவன், தட்டுக் கழுவ ஒரு சினிமாப் படம் வந்து சொல்ல வேண்டியிருந்தது என்பதை உங்கள் முன் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நம்முடைய படங்கள்

மற்றவர்கள் படத்தைக் குறை சொல்லிவிட்டு நம் படத்தைத் தூக்கிவைத்துப் பேசினால் அது நாணயமல்ல. அண்ணாவின் "வேலைக்காரி" 1949-லும், கலைஞர் வசனம் எழுதிய "பராசக்தி" 1952-லும் வந்தன. காளி கோயிலில் நின்று கேள்வி கேட்கலாம், பூசாரியின் அக்கிரமத்தைக் கோர்ட்டில் நின்று சொல்லலாம் என்று அவை ஜனங்களுக்குத் தைரியம் கொடுத்தன. அதைப் பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருப்பீர்கள். ஆகவே அதைவிட்டு, நான் மிகவும் நேசித்த ஒரு படத்தைப் பற்றி, சொல்லக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன்.

1954-இல் வந்தது "ரத்தக்கண்ணீர்". திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம், நடிகவேள் எம்.ஆர்.ராதா மேடையில் எத்தனையோ முறை நடித்துப் பிறகு படமாக வந்தது. ராதாவைப் போல் ஒரு நடிகன் தமிழ்நாட்டில் பிறந்ததில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அந்தப் படத்து வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். பத்து வயதில் அந்தக் குரலில் பேசிக் காட்டி, ஊரெல்லாம் பேர் வாங்கினவன் நான்.

ஆனால் அந்தப் படம் என்ன சொல்கிறது? பெண்டாட்டியை விட்டுத் தாசி வீட்டுக்குப் போனான். ஆகையால் குஷ்டம் வந்தது என்கிறது. தோழர்களே! இது கர்ம பலனுக்கு வேறு பெயர் அல்லவா? போன ஜன்மத்துப் பாவத்தால் நோய் வரும் என்று புராணக்காரன் சொன்னால் சிரிக்கிறோம். இந்த ஜன்மத்துப் பாவத்தால் வரும் என்று நம்மவர் சொன்னபோது கை தட்டினோம். நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே பூதக்கண்ணாடியில் பார்த்து, தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்று கண்டு சொல்லிவிட்டார். கிருமிக்குப் பாவம் தெரியுமா, புண்ணியம் தெரியுமா? பத்தினியாயிருந்தாலும் தாசியாயிருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

எங்கள் சித்தப்பாவுக்கு முதுகில் உணர்ச்சியில்லாத ஒரு தேமல் வந்தது. ஒழுக்கமான மனிதர், வெற்றிலை கூடப் போட்டதில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏன்? போனால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால், இவன் எங்கே போனானோ என்று பேசுவார்கள். நாலைந்து வருஷம் சட்டையைக் கழற்றாமலே வாழ்ந்தார். கோடை வெயிலில் உழும்போதும் சட்டை. இதெல்லாம் தெரியாத நான், அதே வீட்டுத் திண்ணையில் நின்று, விரல்களை மடக்கிக்கொண்டு, ராதா குரலில் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவர் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

கடைசியில் சுகாதார ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து கண்டுபிடித்து, சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து அது. மாத்திரை தின்று முடித்ததும் நோய் நின்றுவிட்டது. போன மூன்று விரல்கள் திரும்பி வரவில்லை. தேமல் கண்ட அன்றே போயிருந்தால் பத்து விரலும் இருந்திருக்கும். அவரைத் தடுத்தது கிருமி அல்ல, வெட்கம். அந்த வெட்கத்துக்குப் புராணக்காரனும் காரணம், ஊரும் காரணம், அந்தப் படமும் காரணம், திண்ணையில் நின்ற நானும் காரணம்.

இதனால் ராதாவின் நடிப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சாமி, சடங்கு, பணக்காரத் திமிர், வெளிநாட்டு மோகம் எல்லாவற்றையும் அவர் கிழித்த கிழி இன்றும் நிற்கிறது. கட்டிக்கொண்ட மனைவிக்கு நண்பனையே மறுமணம் செய்து வைக்கும் துணிச்சலும் அந்தப் படத்தில் இருக்கிறது. அவளைக் கலந்து கேட்டார்களா என்பது வேறு கேள்வி. நல்லதை நல்லது என்றும், பிழையைப் பிழை என்றும் சொல்வோம். சிவனுக்கு முன் நின்ற நக்கீரனை மெச்சுகிற நாம், நம்மவர் பிழைக்கு வாய் மூடினால் நமக்கும் பக்தனுக்கும் என்ன வித்தியாசம்? 2007-இல் "பெரியார்" படம் வந்தபோது, சத்யராஜ் தோன்றியதும் விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன். ஆனால் அந்தக் கிழவர் உயிரோடு இருந்திருந்தால், விசிலை நிறுத்திவிட்டு விஷயத்தைக் கேள் என்றுதான் அதட்டியிருப்பார்.

அறிவுப் படங்கள்

அப்படியானால் பகுத்தறிவுப் படம் எது? சாமியைத் திட்டினால் மட்டும் அது பகுத்தறிவுப் படம் ஆகிவிடாது. 1954-இல் எஸ்.பாலசந்தர் எடுத்த "அந்த நாள்" படத்தில் சாமியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். எதையும் நம்பிவிடாமல், எதையும் தள்ளிவிடாமல், சாட்சியத்தை எடைபோட்டு உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். புத்தியை உபயோகிப்பது எப்படி என்று காட்டுகிற அதுதான் என் கணக்கில் பகுத்தறிவுப் படம். பாட்டில்லை என்று நம் ஜனங்கள் அப்போது அதை ஓடவிடவில்லை என்பது நமக்குப் பெருமையல்ல.

ரே 1989-இல் "கணசத்ரு" என்று ஒன்று எடுத்தார். இப்சன் என்பவரின் நாடகத்தைத் தழுவியது. ஒரு ஊர்க் கோயில் தீர்த்தத்தில் நோய்க் கிருமி இருக்கிறது, காமாலை பரவுகிறது என்று ஒரு டாக்டர் பரீட்சை செய்து சொல்கிறார். குழாயைச் செப்பனிடுங்கள் என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர்கள், கோயில் வருமானம் போய்விடும் என்று அவரையே ஜனவிரோதி ஆக்கிவிடுகிறார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இராமேசுவரத்தில் 22 தீர்த்தம் இருக்கிறது. நான் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு குற்றமும் சொல்லவில்லை. ஒரு டாக்டர் வந்து, "எந்த ஊர் எந்தக் கிணற்றுத் தண்ணீரானாலும் பரீட்சை செய்து பார்ப்போம்" என்று சொன்னால், நாம் அவருக்குக் குடம் எடுத்துக் கொடுப்போமா, கல்லெடுத்து எறிவோமா? ரே நம்மைப் பார்த்துக் கேட்டது அதுதான்.

நம் கரை

நம் கடற்கரையைப் பற்றியும் இரண்டு படம் சொல்கிறேன். 2002-இல் மணிரத்னம் எடுத்த "கன்னத்தில் முத்தமிட்டால்": இராமேசுவரம் அகதி முகாமில் ஒரு குழந்தையைப் பெற்றுவிட்டு, தாய் யுத்தத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறாள். அழகான படம்; சில இடத்தில் அழகு அதிகமாகிப் போய் ரணம் தெரியவில்லை என்பது என் எண்ணம். 2012-இல் சீனு ராமசாமி எடுத்த "நீர்ப்பறவை" அவ்வளவு மினுக்கு இல்லாதது. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தப் படத்தை நான் மீனவத் தோழர் ஒருவரோடு பார்த்தேன். முடிந்ததும், "கரையில நிக்கிற பொம்பளைக மொகத்தச் சரியா எடுத்திருக்கான்" என்று மட்டும் சொன்னார். எந்தப் பத்திரிகை விமர்சனமும் அதற்கு ஈடாகாது.

மணிகண்டன் எடுத்த "கடைசி விவசாயி" 2022-இல் வந்தது. முருக பக்தி நிறைய உள்ள படம். ஆனாலும் எனக்குப் பிடித்த படம். செய்யாத குற்றத்துக்கு ஒரு கிழவரை ஜெயிலில் வைக்கிறார்கள். அவருக்கோ ஜெயிலைப் பற்றிக் கவலையில்லை, பயிருக்கு யார் தண்ணீர் விடுவார் என்பதுதான் கவலை. நடித்த நல்லாண்டி ஐயா நிஜ விவசாயி. படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். நெல்லும் மிளகாயும் வைத்து வானத்தைப் பார்க்கும் இந்தச் சீமைக்காரர்களுக்கு அதில் சாமி எது, பயிர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும்.

தோழர்களே! கடைசியாக ஒன்று. படம் வெளியாகும் நாளில் நடிகரின் கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் பையன்களைப் பார்க்கிறோம். கல்லுக்குப் பால் ஊற்றாதே என்று நாம் சொன்னோம். அவர்கள் அட்டைக்கு ஊற்றுகிறார்கள்! நடிகன் தன் வேலையைச் செய்து கூலி வாங்குகிறான். நல்ல வேலையானால் மெச்சுங்கள். கொத்தனார் நல்ல வீடு கட்டினால் அவர் தலையில் பாலா ஊற்றுகிறோம்? அந்தப் பாலை உங்கள் தெருவில் மெலிந்து கிடக்கும் குழந்தைக்குக் கொடுங்கள்.

படம் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். குடும்பத்தோடு பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பெண்களையும் பேசவிட்டு, சரி எது தப்பு எது என்று விவாதம் செய்யுங்கள். இப்போது கொட்டகை போய்ப் படம் கையடக்கப் போனுக்கே வந்துவிட்டது. ஆளுக்கொரு மூலையில் தனித்தனியே பார்க்கிறீர்கள். பார்ப்பது தனியேயானாலும் பேசுவதாவது கூடிப் பேசுங்கள்.

நான் சொன்னவை என் அபிப்பிராயம். சொன்னவன் மேடையில் நிற்கிறான் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாததைத் தள்ளிவிட்டு, எனக்கும் எழுதி அறிவியுங்கள். சித்தப்பா உயிரோடிருந்த வரையில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, தைரியம் வரவில்லை. இன்று ஆயிரம் பேர் முன்னால் கேட்டுவிட்டேன். உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் கண்டவர் யாராவது இக்கூட்டத்தில் இருந்தால், நாளைக் காலையில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.